தேதி போடாத தாள்

போசரி, புனே
10.8.1997

அன்புள்ள கோதை சித்திக்கு,

அகல்யா எழுதுகிறேன். சித்தப்பாவின் முதுகுவலி குறைந்ததா? இங்கே அப்பா சுகம். அம்மாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் விசேஷம் ஏதாவது உண்டா என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கச் சொல்வாள். அதனால் இதிலும் கேட்கிறேன்.

ஆனால் இது அம்மா சொல்லி எழுதும் கடிதம் இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகு நானே எழுதுகிறேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்து தெரியாது. இருந்தாலும் பயமாக இருக்கிறது.

போன திங்கட்கிழமை, நான்காம் தேதி, அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் கம்பெனியில் அம்மா இரண்டு வருடமாக இருக்கிறாள் இல்லையா? அந்த லைனில் பதினோரு பெண்கள், எல்லோரும் நம் ஊர்ப்பக்கம். சூப்பர்வைசர் கோவிந்தராஜ் மாமாதான் எல்லோரையும் சேர்த்துவிட்டவர். வயிறு தெரியக்கூடாதென்று அம்மா புடவையை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். எப்படியோ தெரிந்துவிட்டது. ஆபீசுக்குக் கூப்பிட்டு, மராட்டியில் எழுதிய ஒரு தாளைக் காட்டினார்களாம். 'சொந்தக் காரணத்தால் நானே வேலையை விட்டு நிற்கிறேன்' என்று எழுதி, கீழே அம்மாவின் கையெழுத்து இருக்கிறதாம். தேதியும் இருக்கிறதாம்.

"நான் எங்கண்ணே எழுதிக் குடுத்தேன்?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். "கையெழுத்து உன்னுதுதானே தமிழரசி?" என்றாராம் மாமா.

வயிற்றில் குழந்தை இருந்தால் நிறுத்தலாமா சித்தி? உங்கள் ஷூ கம்பெனியில் சங்கம் இருக்கிறது என்றீர்களே, கேட்டு எழுதுங்கள். பதிலை எப்போதும் போல வீட்டுக்கே அனுப்பலாம். படிப்பது நான்தான்.

உங்கள் அகல்யா


ஆம்பூர்
19.8.1997

பாசமுள்ள தமிழரசி அக்காவுக்கும் மாமாவுக்கும் கோதை எழுதுவது. நானும் இவரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதே.

உன்னை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று இப்போது கேட்காதே. எங்கள் சங்கத்தில் பக்தவத்சலம் என்று ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். கர்ப்பிணியை அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து எடுக்கக் கூடாதாம். அறுபத்தொன்றாம் வருடத்திலிருந்தே சட்டம் இருக்கிறதாம். டெம்பரரி என்றாலும் எண்பது நாள் வேலை செய்திருந்தால் போதுமாம். சம்பளத்தோடு பன்னிரண்டு வாரம் லீவும் தரவேண்டுமாம். ஆனால் நிறுத்தின நாளிலிருந்து அறுபது நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். உனக்கு அக்டோபர் மூன்றாம் தேதி கடைசி. புனேயில் தொழிலாளர் அலுவலகம் சிவாஜிநகர் பக்கம் இருக்கும் என்றார். போ அக்கா.

____________

அகல்யா கண்ணு, இந்தக் கோட்டுக்குக் கீழே உனக்கு மட்டும். இதைப் படித்துக் காட்டாதே. அக்காவுக்குக் கையெழுத்துதான் போடத் தெரியும். அப்படியானால் அந்தத் தாளை எழுதியது யார்? வெறுந்தாளில் கையெழுத்து வாங்கினார்களா, அல்லது தேதி மட்டும் விட்டுவைத்து எழுதினார்களா? எழுதின ஆள் வாயைத் திறந்தால் அக்கா ஜெயித்த மாதிரி என்கிறார் பக்தவத்சலம். விசாரித்து எழுது.

சித்தி


போசரி
27.8.1997

அன்புள்ள சித்திக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். கோட்டுக்கு மேலே உள்ளதைப் படித்துக் காட்டினேன். அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு செல்வமேரி அத்தையையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். அத்தையும் அதே லைனில்தான் வேலை செய்கிறாள். தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜ் மாமா அரை கிலோ சேவ், நம் ஊர் ஓமப்பொடி மாதிரி, பொட்டலத்தோடு வந்தார். "தமிழு, கம்ப்ளெய்ண்ட் கிம்ப்ளெய்ண்டுன்னு போனா மொதலாளி சாஹேப் உன் மூஞ்சியவே பாக்க மாட்டாரு. கொழந்த பொறக்கட்டும். ஹோலிக்கு அப்புறம் நானே உள்ள இட்டுக்கினு போறேன். உன் வூட்டுக்காரன் கலியனுக்கும் லோடிங்ல நான்தானே சொல்லி வெச்சிருக்கேன்?" என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

"பொறக்கிற புள்ளைக்கு ஹோலி வரைக்கும் இந்த சேவ் பொட்டலத்தையே ஊட்டறதா?" என்று செல்வமேரி அத்தை கேட்டாள். மாமா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் போன பிறகு அம்மா என்னிடம், "நாங்க சேர்றதுக்கு முந்தின நாளு எல்லாருமா ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டமே, அது பி.எஃப். பேப்பர்தானே?" என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா புகார் கொடுக்கப் போவதில்லை என்கிறாள். "அது பி.எஃப்.னா, இது நானே எப்பவோ கண்ண மூடிக்கினு போட்டதுதான். ஏமாத்திட்டாங்கன்னு எந்த மூஞ்சியோட போய் சொல்றது?" என்கிறாள்.

இங்கே மழை விடவில்லை. பள்ளியில் பரீட்சை வருகிறது.

அகல்யா


ஆம்பூர்
4.9.1997

அக்காவுக்கு கோதையின் வணக்கம். இங்கே எல்லோரும் நல்லபடி. புகார் கொடுக்க வெட்கப்படாதே அக்கா, நீ தப்புச் செய்யவில்லை. நாள் போகிறது.

____________

அகல்யா, எல்லாம் எழுதினாய், நான் கேட்டதை மட்டும் விட்டுவிட்டாய். தாளை எழுதியது யார்? அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்கிறாய். என்ன பதில் சொன்னாய்?

சித்தி


போசரி
23.9.1997

சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நலம் விசாரிக்க மனசு வரவில்லை, மன்னியுங்கள்.

எழுதியது நான்தான்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது. எங்கள் சால் வரிசை வீடுகளில் யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் மராட்டியில் லெட்டர் நான்தான் எழுதித் தருவேன். வகுப்பில் என் எழுத்துதான் அழகு. அம்மாவும் மற்றவர்களும் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின நாள் கோவிந்தராஜ் மாமா ஒரு மாதிரித் தாளும் பதினோரு வெள்ளைத் தாளும் கொண்டுவந்தார். இதைப் பார்த்து எழுது, தேதி இடத்தை மட்டும் விட்டுவிடு என்றார். நான் படித்துப் பார்த்து, "மாமா, இது ராஜிநாமா" என்றேன்.

"படிச்ச புள்ளைன்னா சும்மாவா!" என்று சிரித்தார். "இது ஃபைலுக்கு பாப்பா. அவங்ககிட்ட ராஜிநாமான்னு சொன்னா பயந்துக்குவாங்க. ஒருத்தியும் சேர மாட்டா. உங்கம்மாவுக்கும் வேலை இல்ல. பி.எஃப். பேப்பர்ன்னு சொல்லிடு." எனக்கு ஒரு கம்பாஸ் பெட்டி வாங்கித் தந்தார். அம்மாவுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

எல்லோரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். பி.எஃப். என்று பதினோரு பேருக்கும் நான்தான் சொன்னேன். "எம்பொண்ணு எழுதினது" என்று சொல்லி அம்மா முதலில் போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள்.

போன வருடம், அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான சந்துருவின் அம்மா முழுகாமல் இருந்தபோது வேலையை விட்டு நின்றாள். குழாயடியில் அழுதுகொண்டிருந்தாள். உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டாள் என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது.

அம்மா கேட்டபோது "ஆமாம், பி.எஃப்.தான்" என்றேன். இதுதான் நான் சொன்ன பதில். முதல் தடவை சொன்னபோது எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. இந்தத் தடவை முழுதும் தெரிந்து சொன்னேன்.

கோவிந்தராஜ் மாமா என்னைப் பள்ளிக்கூட வழியில் நிறுத்தினார். "கீழ கையெழுத்து உங்கம்மா, மேல எழுத்து யாருது? பொய்ப் பேப்பர் எழுதினா ரிமாண்ட் ஹோம்தான் பாப்பா, புள்ளைங்க ஜெயிலு, பாத்துக்க" என்றார். அன்றிலிருந்து போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் சந்துக்குள் போய்விடுகிறேன்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. நான் என்ன செய்ய? நீங்கள் அம்மாவுக்கு எழுதிவிடாதீர்கள். எழுதினாலும் நான்தான் படிக்க வேண்டும்.

அகல்யா


தந்தி
ஆம்பூர், 30.9.1997

அம்மாவிடம் இன்றே சொல். பயப்படாதே. கோதை


போசரி
12.10.1997

அன்புள்ள சித்திக்கு,

நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்கிறீர்களா? கோபத்தில் இருப்பீர்கள் என்று தெரியும்.

தந்தி முப்பதாம் தேதி சாயங்காலமே வந்துவிட்டது. தந்திக்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன நிமிஷத்தில் சால் முழுக்க எங்கள் வாசலில் நின்றது. ஊரிலிருந்து தந்தி என்றால் சாவுதான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கோதைக்கு இன்னா ஆச்சு? படிடி, படிச்சு சொல்லுடி!" என்று கத்தினாள். இங்கிலீஷில் இருந்தது. படிக்க நான் ஒருத்திதான்.

தீபாவளிக்குச் சித்தி வருகிறார்கள் என்று படித்தேன்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "இதுக்கு ஒரு தந்தியா? பைத்தியக்காரி" என்றாள். யாரோ சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டார்கள். என் வாயிலும் போட்டார்கள்.

மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. நான் பள்ளிக்கூடம் போனேன். ஆறு மணிக்கு எல்லா அலுவலகமும் மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா இப்போது சிஞ்ச்வட்டில் அடுக்குமாடி சொசைட்டி வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். மூன்று வீடு. ஒன்று நான்காவது மாடி. கால் வீங்கியிருக்கிறது. நீங்கள் வருவீர்கள் என்று அதிரசத்துக்கு அரிசி எடுத்துவைத்திருக்கிறாள்.

எனக்கு எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அகல்யா


போசரி
5.11.1997

அன்புள்ள சித்திக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று நினைத்துக் கவலையாக இருக்கிறது. தீபாவளியன்று அம்மா ஸ்டேஷனுக்கு அப்பாவை அனுப்பினாள். ரயில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

முதல் தேதி, சனிக்கிழமை, கோவிந்தராஜ் மாமா வந்தார். கூட நான்கு பெண்கள். வாணியம்பாடியிலிருந்து புதிதாக வந்தவர்கள். ஒருத்திக்குத் தாலிக்கயிறு இன்னும் மஞ்சளாகவே இருந்தது. திங்கட்கிழமை லைனில் சேரப் போகிறார்களாம்.

"பாப்பா, அந்த பி.எஃப். பேப்பர் நாலு எழுதிக் குடு" என்று மாதிரித் தாளை என் முன்னால் வைத்தார். அம்மா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "எழுதிக் குடுடி, பாவம் புதுசா வந்திருக்குதுங்க" என்றாள். எல்லோருக்கும் டீ போடச் செல்வமேரி அத்தையைக் கூப்பிட்டாள்.

நான் ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. மஞ்சள் கயிறு போட்ட அக்கா பக்கத்தில் வந்து, "எவ்ளோ அழகா எழுதறே!" என்றாள்.

"அம்மா, இது பி.எஃப். இல்ல" என்றேன்.

"இன்னா பாப்பா ஒளர்றே?" என்றார் மாமா.

"வேலைய விட்டு நிக்கறேன்னு எழுதியிருக்கும்மா. தேதி அப்புறம் அவங்க போட்டுக்குவாங்க."

அம்மா மாமாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "அன்னிக்கு நீ எழுதினது?"

"அதுவும் இதான்."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நடுவுல நான் கேட்டனே?"

"அப்பவும் தெரியும்மா."

தந்தியைப் பற்றியும் சொன்னேன். அம்மா கேட்கவில்லை, நானே சொன்னேன். மாமா எழுந்து, "கொழந்தப் பேச்சக் கேட்டுக்கினு..." என்று தாளை எடுக்க வந்தார். அம்மா அதற்குள் எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "இத எடுக்கற ஆம்பள இந்த சால்ல இருந்தா வரச் சொல்லு" என்றாள் செல்வமேரி அத்தை, டீப் பாத்திரத்தோடு வாசலில் நின்றுகொண்டு.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அம்மா தமிழில் சொன்னதை நான் மராட்டியில் சொன்னேன். அப்புறம் நான் செய்ததையும் நானே சொன்னேன். அவர் நாட்களை எண்ணிப் பார்த்தார். தொண்ணூற்றொன்று. "முன்னாலேயே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். அந்த வழி மூடிவிட்டதாம். வேறு வழி இருக்கிறதாம், கோர்ட்டுக்குப் போகும், வருடக்கணக்கில் ஆகும் என்றார். நான் சொன்னதை அறிக்கையாக எழுத வேண்டும் என்றார். நான் பேனாவை எடுத்தேன். அம்மா, "நீ எழுத வேணாம். அவரு எழுதட்டும்" என்றாள்.

ரிமாண்ட் ஹோம் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் சொன்னது?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கம்பெனிக்குப் போனார்கள். மேஜைக்குள்ளிருந்து ஒன்பது தாள் எடுத்தார்களாம். எல்லாம் என் எழுத்து, ஒன்றிலும் தேதி இல்லை. அப்பாவை இன்று லோடிங்குக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா என்னை அடிக்கவில்லை சித்தி. சோறு போடுகிறாள். தலை பின்னிவிடுகிறாள். பேசவில்லை.

அகல்யா


ஆம்பூர்
14.11.1997

அகல்யாவுக்கு,

நானும் இவரும் உயிரோடு, சுகமாக இருக்கிறோம். இதில் கோடு போடவில்லை. முழுவதையும் அக்காவுக்குப் படித்துக் காட்டு. இல்லையென்றால் செல்வமேரியிடம் கொடு, அவள் படிக்கட்டும்.

அக்கா, நான் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. வெட்கத்தினால். எனக்கு செப்டம்பர் இருபத்தொன்பதிலேயே தெரியும். உனக்குச் சேதி சொல்ல இன்னொரு ஆள் தேடியிருக்கலாம். செல்வமேரி பெயருக்கே நேராக ஒரு தந்தி கொடுத்து, யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். பிள்ளை தானாகச் சொல்லட்டும், அதுதான் நல்லது என்று நினைத்துப் பதிமூன்று வயதுப் பெண்ணின் தலையில் வைத்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

இன்னொன்று. நீ ஒவ்வொரு கடிதத்திலும் விசேஷம் உண்டா என்று கேட்பாய், நான் பதில் எழுதியதே இல்லை. நானும் இங்கே வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஐந்து வருடத்துக்குள் குழந்தை உண்டானால் நானே நின்றுகொள்கிறேன் என்று. அது தமிழில்தான் இருந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். இவர் முதுகு இப்படி ஆன பிறகு இந்த வேலை இல்லாமல் எங்களுக்கு வழி இல்லை. இதை நான் பக்தவத்சலத்திடம் கூடச் சொல்லவில்லை. உனக்காகச் சட்டம் கேட்கப் போனவள் எனக்காகக் கேட்கவில்லை.

அகல்யா மேல் கோபமா அக்கா?

கோதை


போசரி
18.1.1998

கோதைக்கு உங்க அக்கா தமிழரசி சொல்லி எழுதறது. நான் சொல்றத சொல்ற மாதிரியே எழுதணும்னு அகல்யாகிட்ட சொல்லியிருக்கேன். அடிச்சுத் திருத்தறதோ அழகா மாத்தறதோ கூடாது.

நாங்க நல்லாயிருக்கோம். நீயும் அவரும் நல்லாயிருக்கீங்கன்னு நெனைக்கிறேன். டிசம்பர் இருபத்தி ரெண்டுல ஆண் கொழந்த பொறந்துது. சின்னதாத்தான் இருக்கான். பால் குடிக்கிறான். ரமேஷ்னு பேர் வெச்சிருக்கு. வாங்கின கடன்ல வைத்தியம் பாத்தோம், அத விடு.

கேஸ் நடக்குது. அடுத்த தேதி மார்ச்சுல. அவங்க வக்கீலு, இவ எழுதினதுன்னா வீட்டாளுங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதானே நடந்துதுன்னு கேக்கறானாம். எப்ப முடியும்னு யாருக்கும் தெரியல. லைன்ல இருக்கிறவங்களுக்கு பரவால்ல. அந்த மஞ்சக் கயிறு போட்டிருந்த பொண்ணு பேப்பர்ல கையெழுத்துப் போடாமயே சேந்துடுச்சு. இன்னொருத்திக்கு இப்ப நாலாம் மாசம், நிறுத்தல, லீவும் தரேன்னு சொல்லியிருக்காங்க. அந்தக் கம்பெனில மொத மொத அவதான். எனக்குக் கெடைக்காதது அவளுக்குக் கெடைச்சுதே, நல்லதுன்னு சொல்லலாம்னு பாக்கறேன். வாய் வரமாட்டேங்குது. இவ அப்பா மார்க்கெட் யார்டுல மூட்டை தூக்கறாரு.

உன் பேப்பரப் பத்தி மேரி படிச்சா. அந்த பக்தவத்சலத்துகிட்ட நாளைக்கே போய் சொல்லு. அப்பிடி எழுதி வாங்கினது செல்லாதுன்னு இங்க இருக்கிற ஆபீசரு சொன்னாரு. படிச்சுப் போட்டாலும் செல்லாதாம். நீ எனக்குச் சொன்னத உனக்கு நான் சொல்றேன், வெக்கப்படாத. இனிமே கோடு போட்டு எழுதாத. எல்லாத்தையும் மேலயே எழுது.

இவ மேல கோவமான்னு கேட்டிருந்தே. எழுதுடி, ஏன் நிறுத்தறே. கோவம் இல்ல கோதை. கோவம்னா நாலு நாள்ல போயிடும். ஆறு மாசப் பரீட்சை ரிப்போர்ட்டு கொண்டாந்து படிச்சா. எல்லாத்துலயும் பாஸு, மராட்டில மொத மார்க்குன்னா. சரின்னேன். அவ பள்ளிக்கூடம் போனதும் அத எடுத்துக்கினு எதிர் வீட்டு மராட்டிக்காரம்மாகிட்ட போய் படிக்கச் சொன்னேன். அவ சொன்னது நெசம்தான். பாஸுதான், மொத மார்க்குதான். ஆனா நான் போய்க் கேட்டேன் பாரு. இன்னும் எவ்ளோ நாளைக்குக் கேப்பேன்னு எனக்கே தெரியல. அவ நல்ல பொண்ணு. அதையும் எழுது.

அவருக்கு என் வணக்கத்தச் சொல்லு. உடம்பப் பாத்துக்க.

உங்க அக்கா
தமிழரசி

தமிழரசி சொன்னபடியே எழுதியிருக்கிறது. ஒட்டுவதற்கு முன்னால் என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள், படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை கூடக் குறையவில்லை.
- செல்வமேரி